மரியாதை நீக்கப் பயிற்சி

தனக்கு வாசிக்கத் தெரியாது என்ற விஷயம் சௌந்திரத்துக்கு நாற்பது வயது நெருங்குகிற நேரத்தில்தான் தெரிய வந்தது. அதுவரை தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். காலையில் செய்தித்தாள், மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கிய மாத நாவல், மாமனாருக்கு வருகிற கூட்டுறவுச் சங்கக் கடுதாசி, பூச்சிமருந்து டப்பாவின் முதுகு, கல்யாணப் பத்திரிகையின் கடைசி மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும் பங்காளிகள் பெயர் என்று ஒன்றையும் விட்டதில்லை. இப்படி ஒரு குறையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

குறையைக் கண்டுபிடித்தது ராசிபுரத்தில் புதிதாகத் திறந்திருந்த வயது வந்தோர் வாசிப்பு அளவீட்டு மையம். சொந்தக் கட்டடம் கிடைக்கிற வரைக்கும் ஓட்டம் குறைந்த ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து நடத்தினார்கள். ஆட்களை அளப்பது மணமகள் அறையில். கோப்புகள் இருந்தது பந்தி பரிமாறுகிற இடத்தில். துணை இயக்குநர் இளஞ்செழியன் உட்கார்ந்தது, மாப்பிள்ளைக்கென்று மண்டபத்துக்காரர் வாங்கிப் போட்டிருந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியில். அதன் இரண்டு கைப்பிடியிலும் தங்க நிறத்தில் சிங்க முகம் இருந்தது. அவர் அந்த இரண்டு முகங்களையும் தடவிக்கொண்டேதான் பேசுவார்.

மனிதர்களை மையம் ஐந்து நிலைகளாகப் பிரித்திருந்தது. எழுத்தறியார், எழுத்தறிந்தார், சொல்லறிந்தார், வரியறிந்தார், பொருளறிந்தார். கடைசி நிலை இதுவரை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. ஏனென்று கேட்டவர்களுக்கு இளஞ்செழியன் ஒளிக்காமல் சொன்னார்.

"வாசிப்பு வேறு, புரிதல் வேறு. புரிதல் எங்கள் துறையின் கீழ் வராது. அதற்கென்று தனி மையம் அமைக்கப் பரிந்துரை அனுப்பியிருக்கிறோம். அது வருகிற வரைக்கும் யாரும் அவசரப்பட்டுப் புரிந்துகொள்ள வேண்டாம்."

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே தோட்டத்து ஊட்டில் தன் பாட்டுக்கு இருந்த சௌந்திரம் இந்த மையத்தின் வாசலை மிதித்ததற்குக் காரணம், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காலியாக இருந்த சத்துணவு அமைப்பாளர் வேலை. நாற்பது தாண்டினால் விண்ணப்பிக்க முடியாது. அவளுக்கு வருகிற ஐப்பசியில் நாற்பது. நிலம் மாமனார் பெயரில். ஊடு, வண்டி, பால் சொசைட்டிக் கணக்கு எல்லாம் வீட்டுக்காரர் சின்னண்ணன் பெயரில். அவளுடைய பெயரில் இருந்தது பீரோவுக்குள் கிடந்த பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒன்றுதான். அந்த மார்க் ஷீட்டை ஒரு தடவையாவது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே இருந்தது. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் அலைந்து வாங்கி மஞ்சப்பைக்குள் போட்டு முடித்த மறுநாள், மையத்தின் வேன் ஒலிபெருக்கியோடு ஊருக்குள் வந்தது. சத்துணவு வேலை முதற்கொண்டு நெய்க்கடை உரிமம் வரை இனி எது வேண்டுமானாலும் வரியறிந்தார் நிலைச் சான்று கட்டாயம் என்று கத்திவிட்டுப் போனது.

அவளை அளந்தவள் தேவிப்ரியா. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச். பாடத்தை எழுதியவர் இளஞ்செழியனேதான். பேச்சு வருகிற இடத்தில் அளவீட்டாளரின் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்பது விதி.

பாடம் இவ்வளவுதான்: 'அரசன் சினத்துடன் எழுந்தான். அமைச்சரை நோக்கிக் கையை நீட்டினான். "மூடனே! உன்னை நம்பி நாட்டைக் கொடுத்தேன். நீ குடிமக்களை வாட்டினாய். இனி ஒரு கணமும் இங்கே இராதே. எழுந்து வெளியே போ!" என்றான்.'

சௌந்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அரசன் சினத்துடன் எழுந்தானுங்க. அமைச்சரை நோக்கிக் கையை நீட்டினானுங்க."

டேப்லெட் இரண்டு தடவை கத்தியது.

"அக்கா, எழுந்தான்னுதான் போட்டிருக்கு. நீங்க எழுந்தானுங்கன்னு படிக்கிறீங்க."

"ராசாவுக்குச் சொல்லலீங்க பாப்பா. உங்களுக்குச் சொன்னதுங்க."

அதுதான் விஷயம். அந்தப் பக்கத்து ஊர்களில், எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும்போது சொல்லை மொட்டையாக விடுவது, விருந்தாளிக்கு வெறும் தரையில் சோறு போடுவதற்குச் சமம். பிறந்த குழந்தைக்கும் 'ங்க' என்ற மரியாதை உண்டு. வரப்புத் தகராறில் மண்வெட்டியைத் தூக்கினால்கூட 'உங்க மண்டைய ஒடச்சுப் போடுவனுங்க' என்றுதான் தூக்குவார்கள். அப்புறம் 'மூடனே' வந்தது. விதிப்படி சௌந்திரம் நிமிர்ந்து தேவிப்ரியாவின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு, தூக்கம் கெட்ட கண்கள். யார் பெற்ற பிள்ளையோ.

"தப்பா நெனச்சுக்காதீங்க பாப்பா... மூடனேங்க. உங்களை நம்பி நாட்டைக் குடுத்தனுங்க. நீங்க குடிமக்களை வாட்டினீங்க. கொஞ்சம் எந்திரிச்சு வெளிய போங்க."

டேப்லெட் கத்துவதை நிறுத்தவே இல்லை. தேவிப்ரியா அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். பிழை வகை: இல்லாத சொற்களை வாசித்தல். நிலை: சொல்லறிந்தார். இதில் மரியாதைக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

அதே நாளில் ராசிபுரம் நெய்க்கடை ரஹமத்துல்லாவும் அளக்கப்பட்டார். தாத்தா காலத்துக் கடை, உரிமம் புதுப்பிக்க வந்திருந்தார். தமிழ், அரபி, கொஞ்சம் உருது எல்லாம் வாசிப்பவர். அவர் சட்டைப் பையில் இருந்து கண்ணாடியை எடுத்ததும் தடுத்துவிட்டார்கள். கண்ணாடி துணைக்கருவி, துணைக்கருவியோடு வாசித்தால் அது கண்ணாடியின் திறன். கழற்றி வைத்துவிட்டு வாசித்தார். எழுத்தறியார்.

"கண்ணாடி இல்லாம என் பேகத்தையே எனக்கு அடையாளம் தெரியாதும்மா," என்றார் அவர், வெளியே வந்து சௌந்திரத்திடம். "அதுக்காக நிக்காஹ் செல்லாதுன்னு சொல்லுவாங்களா?"

இரண்டு பேருமாக இளஞ்செழியனிடம் போனார்கள். அவர் சிங்க முகங்களைத் தடவினார்.

"உங்கள் வருத்தம் புரிகிறது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். இந்த மையம் வருவதற்கு முன் இந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியாது என்று யாருக்காவது தெரியுமா? அவரவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வந்துதான் நிறுத்தினோம். வாசிப்புக்காக நான் இரவு பகலாக உழைக்கிறேன். இந்தப் பதவிக்கு வந்த பிறகு ஒரு புத்தகம் வாசிக்க எனக்கு நேரம் கிடைத்ததில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்."

"சார், எனக்குப் புதன்கிழமை நேர்காணலுங்க. பொறவு வயசு போயிருமுங்க."

"அதற்கென்ன, பயிற்சி இருக்கிறது."

ரஹமத்துல்லாவை மணமகன் அறையில் கண்ணாடி நீக்கப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சௌந்திரத்தையும், இதே தப்பைச் செய்திருந்த பத்துப் பதினைந்து பெண்களையும் பந்தி நடக்கிற கூடத்தில் மரியாதை நீக்கப் பயிற்சிக்கு உட்கார வைத்தார்கள். வாட்ச்மேன் தனபால் கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார வேண்டும். ஒவ்வொருத்தியாக எழுந்து அவர் முகத்தைப் பார்த்து, 'தனபால், இங்கே வா. தனபால், அங்கே போ' என்று சொல்ல வேண்டும். ங்க வந்தால் மறுபடியும் முதலில் இருந்து.

தனபால் மீசையை முறுக்கி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வருகிற மனிதர். முதல் நாள் பொறுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் சௌந்திரத்தின் முறை வந்தபோது, அவள் கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்து, "தனபால், இங்கே வா" என்று ஒருவழியாக முடித்தேவிட்டாள். பின்னால் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். தனபால் ஸ்டூலை உதைத்துவிட்டு எழுந்தார்.

"யாரைப் பாத்துங்க 'வா'ங்கறீங்க? எங்கப்பன்கூட என்னைய இப்பிடிக் கூப்புட்டதில்லீங்க!"

"ஐயோ, கோவிச்சுக்காதீங்கண்ணா, சார்தான் சொல்லச் சொன்னாருங்க."

"அண்ணா, எம்பட புள்ளைங்க மேல சத்தியமா மனசுல இருந்து சொல்லலீங்க."

பெண்கள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்று சமாதானப்படுத்தினார்கள். ஒருத்தி தன் சோத்து டப்பாவைத் திறந்து கொடுத்தாள். அன்றைக்கு அந்தக் கூடத்தில் புழங்கிய ங்கவை டேப்லெட் கேட்டிருந்தால் வெடித்திருக்கும்.

தனபால் மூன்று நாள் லீவு போட்டுவிட்டார். ஆள் இல்லாததால் ஸ்டூல் காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்துச் சும்மா வாசித்துப் பார் என்று தேவிப்ரியா சொல்ல, சௌந்திரம் பாடம் முழுவதையும் ஒரு பிழை இல்லாமல் வாசித்துவிட்டாள். டேப்லெட் முதல் முறையாகப் பச்சை காட்டியது. தேவிப்ரியா துள்ளிக்கொண்டு துணை இயக்குநரிடம் ஓடினாள்.

"செல்லாது," என்றார் அவர். "காலி ஸ்டூல் அளவீட்டாளர் ஆகாது. அப்படி ஆக்க வேண்டுமானால் ஸ்டூலுக்குப் பணி நியமன ஆணை வழங்க வேண்டும்."

சௌந்திரத்துக்கு அழுகை வந்தது. அழுதால் அதையும் எந்த நிலை என்று அளப்பார்களோ என்று அடக்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் சின்னண்ணன் போன் பண்ணினார். ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார்; பின்னால் ஆழ்துளைக் கிணறு போடுகிற சத்தம் கேட்டது.

"இதுக்குப் போயி ஏன் சாமி கலங்கறே? என்னைய வெச்சுப் பழகிக்க. வாடான்னு சொல்லு, பாக்கலாம்."

"சும்மாருங்க மாமா."

"அட, சொல்லு. ஆயிரம் மைலுக்கு அக்கட்டால இருக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகாது."

சௌந்திரம் வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். "வாடா...ங்க."

ரிக் சத்தத்தையும் மீறி அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்களுக்கு வெளையாட்டாத் தெரியுதுங்க. எனக்குப் படிக்கத் தெரியும்ங்கறதை நான் யாருக்குப் போயிச் சொல்லுவனுங்க?" என்று போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை வந்தது. நேர்காணல் மத்தியானத்துக்கு மேல்தான். அன்று காலையில் மையத்துக்குச் சென்னையில் இருந்து இயக்குநர் வருகிறார் என்று மேடை போட்டிருந்தார்கள். பயிற்சியின் வெற்றியை மேடையில் நேரடியாகக் காட்ட ஓர் ஆள் வேண்டும். சரியாக வாசித்தால் அங்கேயே சான்று, கையெழுத்து, புகைப்படம் எல்லாம் என்று இளஞ்செழியன் சௌந்திரத்திடம் சொல்லியிருந்தார். அவள் மஞ்சப்பையோடு பஸ் ஏறினாள். கூட்டம் சேர்க்க மையத்தின் வேன் ஊர் ஊராகப் போயிருந்தது. மண்டபத்துக்குள் நுழைந்தபோது முன்வரிசையில் அவளுடைய மாமனாரும் பக்கத்துத் தோட்டத்து முத்தாயம்மாளும் கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இளஞ்செழியன் பேசத் தொடங்கினார். பேசிக்கொண்டே இருந்தார். இயக்குநர் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மண்டபத்துக் கடிகாரம் மத்தியானத்தைத் தொட்டது.

"இதோ நிற்கிறாரே இந்தப் பெண்மணி, இவர் எங்களிடம் எப்படி வந்தார் தெரியுமா? எழுத்தறியாராக வந்தார். 'அ' எது, 'ஆ' எது என்று தெரியாமல், கைநாட்டு வைத்துக்கொண்டு, இருட்டில் தடவிக்கொண்டு வந்தார். இன்று? எங்கள் மையத்தின் ஒளியில் நிற்கிறார்!"

கைதட்டல். முன்வரிசையில் முத்தாயம்மாள் பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினாள்.

"ஏனுங்கய்யா," என்று அவள் மாமனாரிடம் கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. "நம்ம சௌந்திரத்துக்குப் படிக்கத் தெரியாதுங்களா? எம்பட மருமவ கடுதாசியெல்லாம் அதுகிட்டத்தானுங்களே படிச்சுக் கேட்டேன். அப்ப அது சொன்னதெல்லாம்?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் சௌந்திரத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாளைக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் இதுதான் பேச்சாக இருக்கும். பாடத் தாளைக் கையில் கொடுத்தார்கள். இயக்குநர் முன்னிலையில் தானே அளவீட்டாளராக இருக்க வேண்டும் என்று இளஞ்செழியன் சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். கையில் டேப்லெட்.

"அரசன் சினத்துடன் எழுந்தான்," என்றாள். ங்க வரவில்லை. வரவே இல்லை. "அமைச்சரை நோக்கிக் கையை நீட்டினான்."

அவள் கையும் நீண்டது. விதிப்படி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மூடனே!"

கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

"உன்னை நம்பி நாட்டைக் கொடுத்தேன். நீ குடிமக்களை வாட்டினாய். இனி ஒரு கணமும் இங்கே இராதே. எழுந்து வெளியே போ!"

இளஞ்செழியன் எழுந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை. கால்கள் தாமாக எழுந்து, மேடைப் படி வரைக்கும் போய்விட்டன. டேப்லெட் பச்சை காட்டியது. ரஹமத்துல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று கைதட்டினார். வாசலில் தனபால் மீசைக்குள்ளேயே சிரித்தார். இயக்குநர் அன்றைக்கு முதல் தடவையாகச் செல்போனில் இருந்து தலையைத் தூக்கி, "நல்லா இருக்கே, நாடகமா?" என்றார்.

சான்றுக்காகச் சௌந்திரம் கையை நீட்டினாள். இளஞ்செழியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"செல்லாது. வாசிப்பு முடியும் வரை அளவீட்டாளர் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். 'என்றான்' என்ற சொல் பாக்கி இருக்கும்போதே அளவீட்டாளர் இருக்கையை விட்டுவிட்டார். மறு அளவீடு அடுத்த மாதம்."

"எந்திரிச்சது நீங்கதானுங்களே சார்!"

"யார் எழுந்தார் என்பது விதியில் இல்லை."

தேவிப்ரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். சௌந்திரம் மேடையை விட்டு இறங்கினாள். மறு பஸ் பிடித்து, நேர்காணல் நடக்கிற ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். சான்று இல்லாமல் போய் என்ன பிரயோசனம் என்று தெரியவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

அலுவலகத்தில் மற்றவர்கள் எல்லாம் முடித்துப் போயிருந்தார்கள். அலுவலர் ஜெகதீஸ்வரன் களைத்துப் போயிருந்தார். சௌந்திரம் கொடுத்த தாள்களைப் புரட்டினார். மார்க் ஷீட்டைப் பார்த்து, "நல்ல மார்க்குத்தானுங்க," என்றார். அவளுக்கு மறுபடியும் கண் நிறைந்தது.

"வாசிப்புச் சான்றுங்க..." என்று தொடங்கினாள்.

"ஆமாமா, அந்த ராசிபுரத்து மையத்துக்காரங்க ஏதோ உத்தரவு அனுப்பியிருக்கறாங்க." டீ டம்ளருக்கு அடியில் இருந்து ஒரு தாளை உருவினார். டம்ளரின் வட்டம் அதில் நன்றாகப் பதிந்திருந்தது. "வந்து ஒரு மாசம் ஆச்சுங்க. ஒருத்தரும் படிக்கலை. காலைல வந்தவங்க யாரும் இதைக் கேக்கவுமில்லை. எம்பட கண்ணாடிய ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டனுங்க. நீங்களே கொஞ்சம் படிச்சுக் காட்டுங்கம்மா. உங்களுக்கு அதையே தேர்வா வெச்சுக்கலாம்."

சௌந்திரம் தாளை வாங்கிக்கொண்டாள். மேலே மையத்தின் முத்திரை. கீழே இளஞ்செழியனின் கையெழுத்து. நடுவில், 'சத்துணவு அமைப்பாளர் பணிக்கு வரியறிந்தார் நிலைச் சான்று கட்டாயமாகும். சான்று இல்லாதோரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட வேண்டும்.'

அவள் எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சத்துணவு அமைப்பாளர் பணிக்கு வரியறிந்தார் நிலைச் சான்று கட்டாயம் இல்லைங்க. சான்று இல்லாதோரின் விண்ணப்பம் உடனே ஏற்கப்பட வேண்டுமுங்க."

"உடனேன்னு போட்டிருக்குதுங்களா?"

"ஆமாங்க. அடியில கோடு இழுத்துருக்குதுங்க."

"பரவால்லியே. அவங்களுக்கும் புத்தி இருக்குதுங்க." ஜெகதீஸ்வரன் தாளை வாங்கி, அதன் மூலையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "தெளிவாப் படிக்கறீங்கம்மா. இப்பிடி ஒருத்தர் படிச்சுச் சொன்னா எங்களுக்கும் புரியுது."

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் நியமன ஆணை வந்தது. சௌந்திரம் அதை மாமனாருக்கும் முத்தாயம்மாளுக்கும் வாசித்துக் காட்டினாள். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் முட்டை எண்ணிக்கொண்டிருந்த ஒரு நாள் தேவிப்ரியா போன் பண்ணினாள்.

"அக்கா, மறு அளவீட்டுக்கு உங்களுக்குக் கடிதம் போட்டிருந்தோமே, வந்துச்சா?"

"வந்துதுங்க பாப்பா. படிச்சனுங்க."

"சார் கேக்கச் சொன்னாரு. என்னைக்கு வர்றீங்க?"

"வர வேண்டாம்னு போட்டிருக்குதுங்க."

அந்தப் பக்கம் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தேவிப்ரியா, "ஆமாங்க அக்கா," என்றாள். "அப்பிடித்தாங்க போட்டிருக்கு."